சுவித்ரா விழுந்த இடம்

2019ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் இருபத்திரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் தூறல் இருந்தது; எட்டு மணிக்கு மேல் நின்றுவிட்டது. எங்கள் தீவின் அகூங் மலை மட்டும் முகிலை விட்டு வெளியே வரவில்லை. சாலையில் ஈரம் காயாத இத்தகைய நாளில் என் கணவர் சுவித்ரா எந்தப் பயணிக்கும் ஸ்கூட்டரை வாடகைக்குக் கொடுக்க மாட்டார். அன்று அவர் கொடுக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. சிடெமென் கிராமத்தில் உள்ள எங்கள் கடையின் வாசலில், ஸ்கூட்டர்களுக்கு நடுவே, தலைக்கவசத்தைக் கழற்றாமல் அமர்ந்திருந்தார். அவருடைய வலக்கை விரல்கள், அங்கே இல்லாத பிரேக் ஒன்றைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தன.

முந்தைய வாரம் அவர் வண்டியிலிருந்து விழுந்திருந்தார். உடலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்று முதல் அவர் பேசவில்லை. ஊட்டினால் உண்டார், படுக்க வைத்தால் படுத்தார். எங்கள் வீட்டு நாய் அவரை நோக்கி உறுமியது.

அவர் ஊமையானது எங்கள் தெருவுக்கே விசித்திரமாக இருந்தது. வண்டி கேட்டு வரும் ஒவ்வொருவருடனும் அவர் ஒரு சுற்றுப் போய்வருவார். அதன் பிறகே சாவியைக் கொடுப்பார். கவசத்தின் வாரை இறுக்கு, பாலத்தில் ஹாரன் அடி, வளைவில் மணலைப் பார், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடி என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்.

"வண்டி இனாம்டி, வாடகை உன் புருஷன் பேச்சுக்குத்தான்," என்று பக்கத்துச் சாப்பாட்டுக் கடை ரெஸ்மி கேலி செய்வாள். இப்போது அவளே தினமும் வாழையிலையில் சோறு கட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அவருடன் விழுந்தவன் ரைமோ என்னும் எஸ்தோனிய இளைஞன். அவனுக்கு மணிக்கட்டு முறிந்தது. சுவித்ரா ஓட்ட, தான் பின்னால் அமர்ந்திருந்ததாகவும், வயற்கோயிலுக்கு முன்னே சமதளத்தில் வண்டி சறுக்கியதாகவும் அவன் காவலரிடம் சொன்னான். நாங்களும் நம்பினோம்.

விழுந்தவரின் உடல் எழுந்து வந்துவிடும்; திடுக்கிட்ட உயிர் சில வேளை விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அங்கே சென்று, படையல் வைத்து, பெயர் சொல்லி அழைத்து, ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கை தவறி விழுந்த பொருளைக் குனிந்து எடுப்பது போன்ற எளிய காரியம் அது. ஆனால் விழுந்த இடத்தில்தான் குனிய வேண்டும்.

வயற்கோயிலின் முன்னே முன்பே ஒரு முறை அழைத்திருந்தோம். அன்று காலையில் மறுபடியும் அழைத்தோம். பூசாரி மங்கு, மணி அசைப்பதை நிறுத்திவிட்டுத் தரையை உற்றுப் பார்த்தார்.

"இங்க யாரும் இல்லம்மா சுகாசி. கழுவிக் கவுத்த பானை மாதிரி இருக்கு."

"அவன் இந்த இடத்தைத்தானே சொன்னான், ஜெரோ?" பூசாரியை நாங்கள் அப்படித்தான் மரியாதையாக அழைப்போம்.

"சொன்னான். ஆனா இவன் இங்க விழல. நாளாக ஆக, இருக்கிற இடமே இவன் உயிருக்குப் பழகிப்போகும். அப்புறம் வீட்டுல இருந்து யார் கூப்பிட்டாலும் யாரோ எவரோன்னு இருப்பான். அந்தப் பையன் எப்போ ஊருக்குப் போறான்?"

"இன்னிக்கு மதியம்."

அவன் போய்விட்டால் அந்த இடத்தை அறிந்தவர் இந்தத் தீவில் எவரும் இல்லை. நான் கடைக்குத் திரும்பி, விழுந்த வண்டியைச் சுவரோரமிருந்து வெயிலுக்குத் தள்ளிப் பார்த்தேன். மட்கார்டின் உட்புறம் பாசி ஒட்டியிருந்தது. வயற்கோயிலின் முன்னே இருப்பது வெயில் விழும், பாசி பிடிக்காத தார்ச்சாலை.

விடுதி அறையில் ரைமோ ஒற்றைக் கையால் பையை மூட முயன்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவன் முகம் சுருங்கியது.

"போலீஸ்கிட்ட எல்லாம் சொல்லிட்டேனே, அக்கா."

"போலீஸுக்குச் சொன்னது அவங்ககிட்டயே இருக்கட்டும். அதை நான் மாத்தச் சொல்லல. எனக்கு இடம் வேணும்."

"கோயிலுக்கு முன்னாடிதான்."

"கோயிலுக்கு முன்னாடி பாசி ஏது தம்பி?"

அவன் கட்டிலில் அமர்ந்தான். அவன் கண்களுக்குக் கீழே கருமை படிந்திருந்தது. நான் பையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, அவன் மூடினான்.

"என்கிட்ட பைக் லைசென்ஸ் இல்ல. நான் ஓட்டினேன்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ்ல ஒத்தக் காசு தர மாட்டாங்க."

"உன் மணிக்கட்டா போய் யார் ஓட்டினதுன்னு சொல்லப் போகுது? நானும் சொல்ல மாட்டேன். என் புருஷன் எங்கயோ தனியா உக்காந்திருக்காரு. அவரைக் கூட்டிட்டு வரணும், அவ்வளவுதான்."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"அந்தக் குறுக்குப் பாதையில திரும்பாதேன்னு சொன்னாரு. ஆத்தைப் பாக்கணும்னு நான்தான் திரும்பினேன். இப்போ கண்ணை மூடினா, பின்னாடி உக்காந்து அவர் பேசறது கேக்குது. ஒரே பேச்சு. பாதியிலயே நின்னுடுது." பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, "வழி சொல்லத் தெரியாது, அக்கா. காட்டத்தான் முடியும்," என்றான்.

டாக்சியை மலைச்சாலைக்கே வரச் சொல்லிவிட்டு அவன் என் வண்டியின் பின்னால் ஏறினான். கவசத்தின் வாரை நானே மாட்டிவிட்டேன். நான் சொல்லியனுப்பியிருந்ததால், எங்களுக்குப் பின்னே, வெண்ணிற உடையின் மடிப்பைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, பூசாரி தம் வண்டியில் சுவித்ராவை ஏற்றிவந்தார்.

மலைச்சாலையிலிருந்து மூங்கில்களுக்கிடையே ஒரு குறுகிய பாதை இறங்குகிறது. உள்ளூர்க்காரரே அதில் மழைக்காலத்தில் வண்டி ஓட்டுவதில்லை. வண்டிகளை மேலேயே நிறுத்திவிட்டு நடந்து இறங்கினோம். நடுப்பகல் நெருங்கியிருந்தும் அங்கே வெயில் விழவில்லை. வளைவில் ரைமோ நின்றான். சிமெண்டுத் தளத்தின் பாசியில் நீளமாக ஒரு வழித்தடம், அதன் முடிவில் பள்ளம், பள்ளத்தில் ஆறு. நீர் பாறைகளில் மோதி நுரைப்பதைக் கண்டேன். ஓசை மட்டும் கேட்கவில்லை.

"இங்கதான்," என்று ரைமோ சொன்னான். அவன் ஆற்றைப் பார்க்கவில்லை.

தென்னங்குருத்துத் தட்டுகளில் பூவும் அரிசியும் வைத்தோம். ஊதுவத்திப் புகை மேலே எழாமல் பள்ளத்தை நோக்கித் தவழ்ந்தது. பூசாரி மணியை அசைத்து, மந்திரம் முடிந்ததும், பக்கத்து வீட்டுக்காரரை அழைப்பது போலச் சாதாரணக் குரலில் அழைத்தார்.

"சுவித்ரா, எழுந்து வாப்பா. உன் பொண்டாட்டி வந்திருக்கா. சோறு ஆறுது."

என் கணவர் பாதையின் நடுவே மரம்போல் நின்றிருந்தார். பூசாரி மீண்டும் அழைத்தார். பிறகு நான் அழைத்தேன். மூங்கில்கள் காற்றின்றியே ஒருமுறை உரசிக்கொண்டன. என் கணவரின் விரல்கள் நின்றன.

"இடதையும் சேத்துப் பிடி," என்றார் சுவித்ரா. "வலதை மட்டும் பிடிச்சா வழுக்கும்னு எத்தனை தடவைடா சொல்றது."

ரைமோ முழங்காலிட்டு அமர்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

என் கணவர் தலைக்கவசத்தைக் கழற்றி, வியர்த்த தலையைத் தடவினார். "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க? சுகாசி, கடையை யாருகிட்ட விட்டுட்டு வந்தே?"

"ரெஸ்மிகிட்ட."

"போச்சு. இந்நேரம் எல்லா வண்டியையும் பாதி விலைக்கு வாடகைக்கு விட்டிருப்பா."

நான் மண்ணை எடுத்து அவருடைய துணியில் முடிந்தேன். முடிச்சு எளிதில் விழவில்லை. ஆற்றின் ஓசை அப்போதுதான் காதில் விழுந்தது.

பூசாரி மணியை இன்னும் கீழே வைக்கவில்லை. அவர் ரைமோவின் தோளைத் தொட்டார்.

"ரெண்டு பேரு விழுந்தீங்க, தம்பி. உன்னையும் கூப்பிட்டுடறேன். முன்னாடி வந்து நில்லு. வீட்டுல உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?"

ரைமோ எழுந்து பின்வாங்கினான். "எனக்கு ஒண்ணும் இல்ல. கை மட்டும்தான்."

"அஞ்சு நிமிஷம் ஆகுமா? நில்லேன்டா," என்றார் சுவித்ரா.

"ஃப்ளைட் இருக்கு. அந்தத் தண்ணிப் பக்கம் நான் திரும்ப மாட்டேன்." மேலே டாக்சியின் ஹாரன் ஒலித்தது. அவன் என் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தான், பிடி குளிர்ந்திருந்தது. பிறகு, திரும்பிப் பாராமல் பாதையில் ஏறிச் சென்றான்.

"ஜெரோ, பேரு எனக்குத் தெரியும். நான் சொல்றேன், கூப்பிடுங்க," என்றேன்.

"தானா வந்து நிக்காதவனை நான் எப்படிம்மா கூப்பிடறது?" அவர் மணியைத் துணியில் சுற்றினார்.

மூங்கில்களின் இடைவெளியில் டாக்சி நின்றது தெரிந்தது. ரைமோ ஏறி, கண்ணாடியை இறக்கி, நலமாயிருந்த கையை வெளியே நீட்டி அசைத்தான். நான் கையசைத்தேன். பூசாரியும் அசைத்தார். என் கணவரும் சிரித்தபடி கையை உயர்த்தி அசைத்தார்.

"பாத்துடா, பாறை வழுக்கும்," என்றார்.

அவர் மேலே பார்க்கவில்லை. ஆற்றின் பாறைகளைப் பார்த்துத்தான் கையசைத்துக்கொண்டிருந்தார். டாக்சி புறப்பட்டுச் சென்றபோது மணி பன்னிரண்டு நாற்பது.