வட்டத்துக்குள் நின்ற வண்டி

"யாரும் கை காட்டலைன்னு ஊரே சொல்லுது, வெர்னா. பனியில நீ எதையோ பார்த்து மிரண்டிருக்கே."

போன குளிர்காலம் ஊர்க்கூட்டத்தில், அத்தனை பேர் முன்னாலும் நண்டுப் படகுக்காரன் ஆர்வில் இப்படிச் சொன்னான். வெர்னா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

துறைமுகச் சாலை கடற்கரை நெடுஞ்சாலையில் வந்து சேரும் இடத்தில்தான் அவள் மகள் டெஸ்ஸா செத்தாள். ஓட்டியது டெஸ்ஸா, பக்கத்தில் வெர்னா. கண்ணை மறைக்கும் கடல்பனி. நெடுஞ்சாலையில் வந்த ஏதோ ஒரு வண்டி நின்றது. அதன் ஜன்னலில் ஓர் ஆரஞ்சுக் கையுறை மட்டும் தெரிந்தது. 'போ, போ' என்று ஆடியது. "வழி விடறாங்கடி, போ" என்று மகளிடம் சொன்னவளே வெர்னாதான். எதிர்ப்பக்கமிருந்து மரம் ஏற்றிய லாரி வந்தது.

நசுங்கிய காரை இழுத்து வந்தது என் ரெக்கவரி வண்டி. கை காட்டிய வண்டி பறந்துவிட்டது. இங்கே நண்டுப் படகில் போகிற எல்லோர் கையிலும் அதே ஆரஞ்சுக் கையுறைதான். யாரைப் பிடிப்பது? 'அவசரக் குடுக்கைப் பொண்ணு, பார்க்காம பாய்ஞ்சிட்டா' என்று ஊர் கதையை முடித்துவிட்டது. அந்தப் பேச்சு அழிய வேண்டும். 'நான்தான் கை காட்டினேன்' என்று யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும். வெர்னா அதற்காகத்தான் உயிரோடு இருந்தாள்.

யாரும் சொல்லவில்லை. அந்த இடத்தில் ரவுண்டானாதான் வந்தது.

ஆர்வில் அதையும் எதிர்த்தான். "ஒருத்தருக்கொருத்தர் வழி விட்டே வளர்ந்த ஊருடா இது. வட்டம் போட்டு நமக்கு மரியாதை சொல்லித் தர்றானுங்களாம்!" என் வண்டிமேல் சாய்ந்துகொண்டு சிரித்தான். "விபத்து இல்லைன்னா உன் பிழைப்புலயும் மண்ணுதான், ரஸ்."

"விழட்டும்" என்றேன்.

ஒற்றைத் தட வட்டம். உள்ளே இருப்பவன் போய்க்கொண்டே இருக்க வேண்டும், வெளியே இருப்பவன் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். திறந்த அன்று காலை, எதற்கும் இருக்கட்டும் என்று என்னை ஓரமாக நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

நண்டுக் கூண்டுகளை அடுக்கிக்கொண்டு ஆர்விலின் பிக்கப் வட்டத்துக்குள் நுழைந்தது. துறைமுகச் சாலையின் நிறுத்தக் கோட்டில் வெர்னாவின் கார் காத்திருந்தது. அதைப் பார்த்ததும், பழக்க தோஷம், வட்டத்துக்குள்ளேயே பிரேக் போட்டான். ஜன்னலில் ஆரஞ்சுக் கையுறை ஆடியது.

போ, போ.

பின்னால் ஒரு மர லாரி! பிரேக் அலறியது. லாரி வளைவில் ஊர்ந்து வந்ததால் ஆர்வில் பிழைத்தான். பம்பர் முட்டி, ஒரு கூண்டு சரிந்து சாலையில் உருண்டது.

வெர்னா காரை எடுக்கவில்லை. இறங்கி நடந்து அவன் ஜன்னலுக்கு வந்தாள். நானும் ஓடினேன்.

"உள்ள இருக்கறவன் நிக்கக் கூடாது, ஆர்வில்."

"வழி விட்டாலும் திட்டா? பயப்படாம வா வெர்னா. இந்தத் தடவை ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் கூப்பிடறேன்."

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

"இந்தத் தடவையா?" என்றாள் வெர்னா.

அவன் முகம் சாம்பலானது. கையுறையைக் கழற்றப் பார்த்தான், வரவில்லை.

"பனி, வெர்னா... கண்ணாடியில பின்னாலதான் பார்த்தேன். எதிர்ல பார்க்கலை. சத்தம் கேட்டதும் கால் தானா ஆக்ஸிலேட்டரை மிதிச்சிடுச்சு."

அவள் அழவில்லை, கத்தவில்லை.

"ரஸ் கேட்டுட்டான். கூட்டத்துல அத்தனை பேர் முன்னாடியும் நீயே சொல்லணும். டெஸ்ஸா பாயலை, நீதான் கூப்பிட்டேன்னு."

அவன் தலையசைத்தான்.

"இப்ப வண்டியை எடு. பின்னால ஆள் நிக்குது."

பிக்கப் நகர்ந்தது. துறைமுக வழியில் திரும்ப வேண்டியவன், அதைத் தவறவிட்டு மறுபடி சுற்றி வந்தான். வெர்னா தன் காருக்குத் திரும்பி, கோட்டில் காத்திருந்தாள். இந்த முறை அவன் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. அவளைப் பார்க்காமலே கடந்து போனான்.

அதன் பிறகுதான் அவள் வட்டத்துக்குள் நுழைந்தாள்.