முப்பத்தொரு பேர் கைதான பட்டியல்

தண்ணீருக்காக மறியல் செய்து கைதானவர்கள் எங்கள் பாவடித் தெருவில் முப்பத்தொரு பெண்கள். தண்ணீர் வரும் என்று உறுதியான பிறகு எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தெட்டுப் பேர். எல்லோரும் மறியலில் உட்கார்ந்தார்களாம், எல்லோரையும் போலீஸ் பிடித்ததாம். அன்றைக்கு வந்தது ஒரே ஒரு வேன். அதில் ஐம்பத்தெட்டுப் பேர் ஏறியிருந்தால் வழியெல்லாம் வேனைத் தள்ளிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும்.

சண்டை கல்லால் வந்தது. தெரு முனையில் புதிதாகத் தொட்டி கட்டிக் குழாய் வைத்தார்கள். எங்கள் தெருச் சங்கத் தலைவர் கோதண்டபாணி, கைதான பெண்களின் பெயர்களைக் கல்லில் வெட்டித் தொட்டியில் பதிப்போம், முன்னால் நின்று நடத்தியவள் குழாயைத் திறக்கட்டும் என்றார். முன்னால் நின்றவள் நான்தான். என் பெயர் அம்சா. பட்டுப் புடவைக்குக் குஞ்சம் கட்டுவதும் ஃபால்ஸ் தைப்பதும் என் தொழில். ஐம்பத்தோரு வயதில் என் பெயரை நாலு பேர் பார்க்க எழுதி வைத்தது என் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். அந்தக் கல்லில் என் பெயர் வேண்டும், அந்தக் குழாயை என் கையால் திறக்க வேண்டும். ஆசையை ஒளிப்பானேன்?

மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். 'நானும் போனேன்' என்று சொல்லாதவள் என் எதிர்வீட்டுக் கிருஷ்ணவேணி ஒருத்திதான். மாவு அரைத்து விற்கிறவள். தெருவில் எல்லோரையும்விட அவளுக்குத்தான் தண்ணீர் தேவை. ஆனாலும் மறியல் அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டாள். அவள் கிரைண்டர் கழுவின தண்ணீர் என் வாசலில் வந்து நிற்பதால் எனக்கும் அவளுக்கும் இருபது வருடப் பகை. அதனால் மறியலுக்குப் பிறகு வந்த நாலு மாதத்தில் நான் அவளைக் குத்திக் காட்டாத நாள் இல்லை.

ஐம்பத்தெட்டுப் பேரும் கத்திக்கொண்டிருந்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இன்னாத்துக்கு இம்மாம் பொய்யி? பேரு ஊருன்னு எல்லாத்தையும் போலீஸ் எழுதிகினு போச்சே. லிஸ்ட் அங்க இருக்குது. அத்த வாங்கியாந்து படிங்க, யாரு போனா, யாரு போவலைன்னு தெரிஞ்சிடும்," என்றேன்.

"கேட்டா குடுப்பாங்களாமா?" என்றார் கோதண்டபாணி.

சட்டக் கல்லூரியில் படிக்கிற சந்தியா எழுந்தாள். "குடுத்தே ஆகணும் பெரியப்பா. அரெஸ்ட் ஆனவங்க பேரு, அட்ரஸ், எதுக்கு அரெஸ்ட்டுன்னு ஸ்டேஷன்ல டிஸ்ப்ளே பண்ணணும். புது சட்டத்துலயும் இருக்குது. எஃப்ஐஆர் ஆன்லைன்லயே பாக்கலாம்."

சந்தியாவும் நானும் போய்ப் பட்டியலைக் கொண்டுவருவது என்று முடிவானது. எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் எனக்கு அந்த நினைவு வந்தது.

எங்கள் ஊரில் மறியல் செய்கிறவர்களைப் பிடித்தால் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, மதியம் சோறு போட்டு, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அன்றைக்கு எங்களுக்கு எலுமிச்சை சாதமும் வாழைக்காய் வறுவலும் கிடைத்தன. முந்தின நாள் கல்யாணத்துத் தோரணம்கூட அவிழ்க்கவில்லை. மாப்பிள்ளை நாற்காலியில் ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுப் பெயர் எழுதினாள். வேனிலேயே எங்கள் தெருப் பொன்னி என் காதில், நிஜப் பெயரைக் கொடுத்தால் கேஸ் வரும், பிள்ளைகள் வேலைக்குப் போகிற இடத்தில் தோண்டுவார்கள் என்று ஓதியிருந்தாள். என் மகன் விக்ரம் அப்போதுதான் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தான். பேரு என்னம்மா என்று அந்தப் பெண் கேட்டதும், ஒரு நாளைக்கு இருபது தடவை நான் கத்துகிற பெயர் வாயிலிருந்து தானாக விழுந்தது. கிருஷ்ணவேணி.

தெருவுக்கு வந்து நான் சொன்னது வேறு. 'அம்சா, நல்லா எழுதிக்கோ அப்படின்னு போலீஸ் மூஞ்சிக்கு நேரா சொன்னேன்' என்று சொன்னேன். பால்காரர் முதல் பூக்காரி வரை எல்லோரிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகப் போயிருந்தது.

மறுநாள் காலை சந்தியா போனை எடுத்துக் காவல்துறை இணையதளத்தைத் திறந்தாள். மாவட்டம், ஸ்டேஷன், தேதி என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். நான் பயந்த அளவுக்கு நேரம்கூட ஆகவில்லை, முதல் தகவல் அறிக்கை வந்து நின்றது. அதில் 'சாலையில் அமர்ந்து போக்குவரத்துக்கு இடையூறு செய்த முப்பத்தொரு பெண்கள்' என்றுதான் இருந்தது. பெயர் ஒன்றும் இல்லை. எனக்கு உயிர் வந்தது.

"சரி, இல்லைன்னு சொல்லிடலாம் வா," என்றேன்.

"அது எப்படி அத்தை? ஸ்டேஷன் போலாம், போர்டு பாக்கலாம்," என்று என்னை வண்டியில் ஏற்றினாள்.

பலகையில் அந்த வாரம் பிடிபட்ட மூன்று பேரின் விவரம் மட்டும் இருந்தது. எனக்கு இன்னும் கொஞ்சம் உயிர் வந்தது. கைதானவர்களைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வதற்கென்று அங்கே ஓர் அதிகாரி இருக்கிறாராம். இளங்கோவன் என்று பெயர். அவர் 'நாளைக்கு வாங்க' என்பார் என்று நம்பினேன். பிறந்ததிலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போனாலும் எனக்கு அந்த வார்த்தைதான் கிடைத்திருக்கிறது. வேண்டும் என்று நினைத்துப் போன அன்று அது கிடைக்கவில்லை.

"உக்காருங்கம்மா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "பழைய பேருங்க போர்டுல இருக்காது. ரிஜிஸ்டர்ல இருக்குது. தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு எழுதி, கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டிக் குடுத்துடுங்க. முப்பது நாளுக்குள்ள வீட்டுக்கே காப்பி வந்துடும்."

"யாரு வேணா கேக்கலாமா சார்?"

"யாரு வேணா கேக்கலாம்."

"கைதானவங்க எம் பேரு வெளிய வர வேணாம்னு சொன்னா?" குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "போலீஸ் ஒருத்தரப் புடிச்சா அது ஊருக்குத் தெரியணும்மா. தெரியாம புடிச்சி வெச்சிக்கக் கூடாதுன்னுதான் இந்தச் சட்டமே போட்டாங்க. வீட்டாளுங்க எங்க போச்சோன்னு அலையக் கூடாது பாரு."

அதற்குமேல் வெள்ளைத்தாள் கொடுத்தார், பேனா கொடுத்தார், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று விலாசம் சொன்னார், டீயும் வரவழைத்தார். இவ்வளவு நல்ல மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மனுவில் சந்தியா கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த பதினேழு நாளும் தபால்காரர் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் கையில் இருந்த குஞ்சம் எனக்குச் சிக்கலானது. பதினெட்டாம் நாள் கனமான உறை ஒன்று சந்தியா கைக்குப் போனது. அன்று சாயங்காலமே கோயில் வாசலில் தெரு முழுக்கக் கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் காசிநாதன் டீ டம்ளரோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். பெண்டாட்டி பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்க அவருக்கும் ஆசை. கிருஷ்ணவேணி கூட்டத்துக்கு வராமல், மாவு ஒட்டின கையோடு அவள் வீட்டுப் படியிலேயே நின்றாள்.

கோதண்டபாணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பெயர், வயது, கணவர் பெயர், முகவரி எல்லாம் இருந்தன. முதல் பெயர் சுகாசினி. கைதட்டினார்கள். மூன்றாவது பெயர் முனியம்மா. முனியம்மா இறந்து நாலு வருடம் ஆகிறது. மருமகள் ஜோதிகா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, வேனில் பொன்னி என் காதில் மட்டும் ஓதவில்லை.

"ஏழு. கிருஷ்ணவேணி," என்றார் கோதண்டபாணி.

எல்லோரும் திரும்பிப் படியைப் பார்த்தார்கள். "நான் போவலையே," என்றாள் கிருஷ்ணவேணி.

"இருமா. வயசு அம்பத்தொண்ணு. கணவர் பெயர் காசிநாதன்."

என் வீட்டுக்காரர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாம எப்பபா?" என்று கேட்டார்.

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பெயரைப் பொய்யாகச் சொன்னது எனக்கு நினைவிருந்தது. கணவர் பெயரைக் கேட்டதும் நிஜத்தைச் சொன்னது சுத்தமாக மறந்துபோயிருந்தது. என்ன செய்ய, இன்னொருத்தி பெயரை வாங்கிக்கொள்ள வாய் வந்தது, இன்னொருத்தி புருஷனைச் சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு மட்டுமல்ல. பன்னிரண்டாவதாக ஒரு கிருஷ்ணவேணி வந்தாள், கணவர் பெயர் சின்னப்பையன். அது பொன்னியின் வீட்டுக்காரர். பதினெட்டில் ஒரு கிருஷ்ணவேணி, கணவர் பெயர் அஜித். இருபத்தாறில் இன்னொருத்தி. ஆக, போலீஸ் பதிவேட்டின்படி எங்கள் தெருக் கிருஷ்ணவேணிக்கு நாலு புருஷன். கட்டின புருஷன் கதிர்வேல் அதில் இல்லை.

"அப்ப நான் யாருபா?" என்றார் கதிர்வேல்.

முப்பத்தொன்றும் முடிந்தது. அம்சா என்ற பெயர் எங்கேயும் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் ஏழாம் எண்ணில் என் புருஷன் பெயர் இருக்கும்போது எங்கே போய் ஒளிவது? எழுந்து நின்றேன்.

"நான்தான். பயந்துட்டேன். நல்லா எழுதிக்கோன்னு சொன்னேன்னு சொன்னதெல்லாம் பொய்யி," என்றேன். பிறகு பொன்னி எழுந்தாள். மற்ற இரண்டு பேரும் எழுந்தார்கள்.

கிருஷ்ணவேணி படியிறங்கி வந்தாள். அடிதடிதான் என்று நினைத்து என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் வந்து நின்றார். அவரை விலக்கிவிட்டு அவள் கேட்டாள்.

"இன்னாத்துக்குடி எம் பேரக் குடுத்த?"

"வேற பேரு வாயில வரல. எந்நேரமும் உம் பேருதான் இருக்குது."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து அழுகையே வந்துவிட்டது. மாவுக் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டாள்.

"அன்னிக்கு கிரைண்டருக்குப் பின்னால ஒளிஞ்சிகினு இருந்தேன். வேன் போற சத்தம் கேட்டுச்சு. எனக்குப் போலீஸ்னா சின்ன வயசுலேருந்தே பயம்மா. நாலு மாசமா உங்க மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருந்துச்சு. இப்பப் பாத்தா நான் நாலு வாட்டி கைதாயிருக்கறேன்," என்றாள்.

நான் அவளைக் குத்திக் காட்டின ஒவ்வொரு நாளும் அப்போது என்னைத் திருப்பிக் குத்தியது. ஒளிந்தவள் ஒருத்தி என்று நாலு மாதம் பேசினேன். அவள் கிரைண்டருக்குப் பின்னால் ஒளிந்தாள், நான் அவள் பெயருக்குப் பின்னால் ஒளிந்தேன்.

கோதண்டபாணி கறாரான மனிதர். பட்டியல் பட்டியல்தான், அதில் உள்ளபடியே கல் வெட்டப்படும் என்றார். அதிகத் தடவை கைதானவள் கிருஷ்ணவேணி என்பதால் குழாயையும் அவளே திறக்கட்டும் என்று தெரு ஒரே குரலாகச் சொல்லிவிட்டது. நானும் கைதட்டினேன். வயிறு எரியவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

திறப்பு நாளன்று கிருஷ்ணவேணி நான் குஞ்சம் கட்டின அரக்குப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கல்லில் முப்பத்தொரு பெயரும் கணவர் பெயரோடு பளிச்சென்று இருந்தன. செத்துப்போன முனியம்மாவும் இருந்தாள், நாலு கிருஷ்ணவேணிகளும் இருந்தார்கள். என் பெயர் இல்லை. நான் கூட்டத்தின் கடைசியில் நின்றேன்.

அவள் குழாயில் கை வைத்தாள். திருகவில்லை. கல்லைப் பார்த்து எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்.

"கிருஷ்ணவேணி, கணவர் பெயர் காசிநாதன். எங்கமா இருக்குற? வா இங்க."

தெருவே என் பக்கம் திரும்பியது. என் வீட்டுக்காரர்தான் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "உன்னத்தான் கூப்பிடுறாங்க, போமா," என்றார்.

அடுத்து சின்னப்பையன் சம்சாரத்தைக் கூப்பிட்டாள். அஜித் சம்சாரத்தையும் இருபத்தாறாம் எண்காரியையும் கூப்பிட்டாள். நாங்கள் நாலு பேரும் கை வைத்த பிறகு எல்லோருக்கும் மேல் தன் கையை வைத்து அழுத்தித் திருகினாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு தண்ணீர் பாய்ந்து ஐந்து பேரின் புடவையையும் நனைத்தது. பட்டு பாழாகிறதே என்று நான் பதறினேன். போனால் போகிறது, இன்னொரு குஞ்சம் கட்டிக் கொடு என்றாள். இருபது வருடத்தில் அவள் கையை நான் தொட்டது அன்றைக்குத்தான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் நனைந்ததில்லை.

மறுநாள் காலை எழுந்து கதவைத் திறந்தால் கிரைண்டர் கழுவின தண்ணீர் வழக்கம்போல என் வாசலில் நின்றது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கிருஷ்ணவேணி," என்று தெருவே அதிரக் கத்தினேன்.

நாலு வீட்டிலிருந்து "இன்னா?" என்று பதில் வந்தது.