ஒரு சாண்

ஆலைக்காரன் செர்வாஸைக் கொன்றது காலை எட்டு மணிக்கு. வெடிச்சத்தம் காடு வரை கேட்கும் என்று பிரெஞ்சுக் கேப்டன் யாரையும் சுட விடவில்லை. துப்பாக்கி முனைக் கத்திகளால் மூன்று பேர் குத்தினார்கள். காற்றாலைப் படிக்கட்டின் கீழே செர்வாஸ் உட்காருகிறவன் மாதிரிச் சரிந்தான். ஒரு கால் மரச்செருப்பு கழன்று மேட்டில் உருண்டு, கொஞ்ச தூரம் போய் நின்றது. உறைபனியின் மேல் ரத்தம் ஆவி விட்டது.

அவன் மனைவி கோடலீவ் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைகளை இரண்டு சிப்பாய்கள் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

செர்வாஸிடம் அவர்கள் கேட்டது ஒன்றுதான். காற்றாலை இறக்கைகளை நேர்ச்சிலுவையாக நிறுத்த வேண்டும். அவன் மொழிபெயர்ப்பாளன் யோஸைப் பார்த்துச் சொன்னான்: "உங்க கேப்டன வேணும்னா ஏறித் தொங்கச் சொல்லு. ஊர் கண்ணுக்குச் சிலுவை மாதிரிதான் தெரியும்."

யோஸ் பட்டணத்து வரி அலுவலகத்தில் எழுத்தன். அதை மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம். மொழிபெயர்த்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் வந்து நான்கு வருடம் ஆகிறது. முதலில் தேவாலயத்தைப் பூட்டினார்கள். பிறகு மணிகளை இறக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இந்த இலையுதிர் காலத்தில் பையன்களையே பட்டாளத்துக்குக் கேட்டார்கள். ஹேய்டோன்க் ஊரில் இருபத்திரண்டு பேர் பைன் காட்டுக்குள் போய்விட்டார்கள். ஆறு வாரமாக அவர்களுக்கு ரொட்டி போவது இந்த மேட்டிலிருந்துதான். இறக்கைகள் சாய்ந்த சிலுவையாக நின்றால் சிப்பாய்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். நேர்ச்சிலுவையாக நின்றால் பயமில்லை, வரலாம். பட்டணத்துச் சிறையில் யாரோ ஒருவன் அடி தாங்காமல் இதைச் சொல்லிவிட்டான்.

பையன்கள் வந்தால் பிடிக்கக் களஞ்சியத்துக்குள் முப்பது சிப்பாய்கள் புகுந்துகொண்டார்கள். மேட்டுக்குப் பின்னால் பத்துப் பேர் படுத்தார்கள்.

அமெல்பெர்காவைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி, விதவை. நாற்பத்தைந்து வயது. காட்டுக்குள் ரொட்டி சுமந்துகொண்டு போவது அவள்தான். அவளுடைய ஒரே மகன் ரோம்பவுட் அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவன். வாய் கிழிந்து ரத்தம் வழிந்தது. காட்டிலிருந்து தெரியாத பின்பக்கத்தில், காற்றாலைப் படிக்கட்டின் மேல்கட்டையில் கயிறு கட்டி, மாவுப் பீப்பாய் ஒன்றின் மேல் அவளை ஏற்றிக் கழுத்தில் சுருக்கை மாட்டினார்கள்.

கேப்டன் பேசினான். யோஸ் கோடலீவிடம் சொன்னான்: "ஏம்மா, இது உங்கப்பா கட்டின ஆலையாம்ல. நிறுத்த உனக்குத் தெரியும்னு கேப்டனுக்குத் தெரியும். நேரா நிறுத்து. மூணு மணிக்குள்ள பயலுக வந்துட்டா இவ எறங்கிப் போயிடலாம். வரலைன்னா பீப்பாயை உதைப்பாங்க."

கோடலீவ் செர்வாஸைப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. அவனுக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. ஆலை வீட்டில் சாவு விழுந்தால் இறக்கையை நேர்க்கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளி நிறுத்துவார்கள். போய்விட்டார் என்று அர்த்தம். அதைப் பார்த்தால் ஊரில் வீட்டுக்கு ஒருவர் அன்றைக்கே மெழுகுவர்த்தியோடு வந்து நிற்பார்கள். காட்டிலிருப்பவர்களும் வருவார்கள். அதைச் செய்ய முடியாது.

சாய்த்து நிறுத்தினால் இந்த இடத்திலேயே அமெல்பெர்காவை உதைத்துத் தள்ளுவார்கள். பிறகு கோடலீவையும். மறுபடி யாரையாவது பிடித்து வந்து நேராக நிறுத்தச் சொல்வார்கள்.

பீப்பாய் மேலிருந்து அமெல்பெர்கா கத்தினாள்: "ஏண்டி, என்ன மரம் மாதிரி நிக்கிற? நிறுத்துடி! என் ரோம்பவுட் கல்யாணத்துக்கு நிறுத்துற மாதிரி நல்லா நிறுத்து!"

"என்ன சொல்றா?" என்று கேப்டன் கேட்டிருக்க வேண்டும். யோஸ் தோளைக் குலுக்கி, நெற்றியில் விரலைச் சுழற்றிக் காட்டினான். பைத்தியம்.

கோடலீவுக்குப் புரிந்துவிட்டது.

கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் இறக்கை நேர்க்கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே நிற்கும். வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மகிழ்ச்சி. பட்டணத்தான் கண்ணுக்கு அதுவும் நேர்ச்சிலுவைதான். ஆனால் இது திருவருகைக் காலம். கிறிஸ்துமஸ் வரை நோன்பு; இந்த ஊரில் யாரும் கல்யாணப் பேச்சுக்கூட எடுப்பதில்லை. ஊரில் கர்ப்பிணியும் யாரும் இல்லை. திருவருகைக் காலத்தில் ஓர் ஆலை மகிழ்ச்சியாக நின்றால் அதை ஆலைக்காரன் தன் விருப்பத்தில் நிறுத்தவில்லை என்று அர்த்தம். காட்டிலிருப்பவர்களுக்கு அது போதும். இவர்களுக்கு இது தெரியாது. இவர்கள் ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துவிட்டுப் பத்து நாளுக்கு ஒரு வாரம் வைத்திருக்கிறவர்கள்.

பையன்கள் வரமாட்டார்கள். மூன்று மணி ஆகும்.

அவள் அமெல்பெர்காவைப் பார்த்தாள். அமெல்பெர்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கையை விட்டார்கள். கோடலீவ் செர்வாஸின் கால்களைத் தாண்டிப் போய்த் தடைக்கயிற்றைப் பிடித்தாள். தளர்த்தினாள். இறக்கைகள் முனகிக்கொண்டு நகர்ந்தன. ஒன்று. இரண்டு. மூன்றாவது இறக்கை கீழே வரும்போது உடம்பைப் பக்கவாட்டில் வளைத்து அதன் நுனியைப் பார்த்தாள். ஒரு சாண் இருக்கும்போது கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

நின்றது.

பத்து மணி ஆயிற்று. பதினொன்று. காட்டு விளிம்பில் ஒரு காகம்கூட எழவில்லை. யோஸ் குளிரில் மேட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தான். ஒரு தடவை இறக்கைக்கு எதிரே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"ஏம்மா, இது நேரா இல்லையே. கொஞ்சம் குறையுதே."

கோடலீவ் சொன்னாள்: "தடைக்கட்டை தேஞ்சு போச்சு. இன்னிக்கு மாத்தணும்னு சொல்லிட்டிருந்தார். நீங்க வந்துட்டீங்க."

"நீ கழுத்துல கயித்தை மாட்டிக்கிட்டு ஒரு கோடு நேரா போடு, பாப்போம்," என்றாள் அமெல்பெர்கா. "உன் கணக்குப் புத்தகத்துலயே ஒரு கோடு ஒழுங்கா இருக்காது. என் பன்னிக்கு ரெண்டு தடவை வரி போட்டவன்தானே நீ? பன்னி ஒண்ணுதான். உன்னையும் சேத்துட்டியோ என்னமோ."

சிப்பாய் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் அவள் வயிற்றில் இடித்தான். பீப்பாய் ஆடியது. அவள் நுனிக்காலில் நின்று சமாளித்தாள்.

கேப்டன் களஞ்சியத்திலிருந்து வெளியே வந்து ஏதோ கேட்டான். யோஸ் செர்வாஸைப் பார்த்தான். பிறகு இரண்டு வார்த்தை சொன்னான். என்ன சொன்னான் என்று கோடலீவுக்குக் கடைசிவரை தெரியாது. கேப்டன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.

இரண்டு மணிக்குத் தூறியது. கோடலீவின் கை தடைக்கயிற்றின் மேல் போயிற்று. ஒரு சாண்தான். கொஞ்சம் தளர்த்தி இழுத்தால் போதும். நேராகிவிடும். பையன்கள் கிளம்பிவிடுவார்கள். அமெல்பெர்கா இறங்கிவிடுவாள். செர்வாஸ் இப்படி நின்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இதே ஒரு சாணில் அவனும் ஏமாற்றியிருப்பான். பேசிவிட்டுச் செத்தான். அவன் மேல் கோபம் வந்தது. கண்ணீர் வரவில்லை.

"கையை எடுடி," என்றாள் அமெல்பெர்கா. மெதுவாகச் சொன்னாள். அதுவரை அவள் எதையும் மெதுவாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

கோடலீவ் கையை எடுத்தாள்.

மூன்று மணிக்குக் கேப்டன் கடிகாரத்தை மூடினான். கோடலீவின் வலது கையைப் படிக்கட்டுக் கட்டையில் வைத்துப் பிடிக்கச் சொன்னான். துப்பாக்கிக் கட்டை இரண்டு தடவை இறங்கியது. முதல் தடவை எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"காட்டுல இருக்கிறவனுக இடம் மாறிட்டானுகளான்னு கேக்கிறார்," என்றான் யோஸ். அவன் பற்கள் தந்தியடித்தன. "இல்ல, சிறையில சொன்னவன் பொய் சொன்னானா?"

"அவன்கிட்டயே கேளுங்க," என்றாள்.

பீப்பாயின் பக்கம் ஒரு சிப்பாய் போனான். அமெல்பெர்கா யோஸைக் கீழே பார்த்தாள்.

"தம்பி, வீட்டுல கம்பளி இருந்தா போட்டுட்டு வர்றதுதானே. எப்படி நடுங்குற பாரு. யார் பெத்த புள்ளையோ."

உதைத்தார்கள். பீப்பாய் மேட்டில் உருண்டு செர்வாஸின் செருப்பு கிடந்த இடத்துக்குப் போயிற்று. உயரம் போதவில்லை. கழுத்து முறியவில்லை. வெகுநேரம் ஆயிற்று. கோடலீவை முகத்தைத் திருப்ப விடாமல் பிடித்திருந்தார்கள். அவளும் திருப்ப நினைக்கவில்லை. யாராவது ஒருத்தர் கூட இருக்க வேண்டும்.

இருட்டுவதற்குள் பெரிய சாலையைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினார்கள். போகும்போது வீட்டுக் கூரையில் தீ வைத்தார்கள். ஈர வைக்கோல். பாதி எரிந்து புகைந்தது.

முரசுச் சத்தம் பாலத்தைத் தாண்டும் வரை கோடலீவ் காத்திருந்தாள். இடது கையால் கயிற்றை அறுத்தாள். அமெல்பெர்கா அவள் மேலேயே விழுந்தாள். இழுத்துக்கொண்டு போய்ச் செர்வாஸின் பக்கத்தில் கிடத்தினாள். மேட்டிலிறங்கி மரச்செருப்பை எடுத்து வந்து அவன் காலில் மாட்டினாள். கால் விறைத்திருந்தது. மாட்ட நேரம் ஆயிற்று. பழைய இறக்கைத் துணியால் இருவரையும் மூடினாள்.

பிறகு தடைக்கயிற்றைத் தளர்த்தினாள். இறக்கை நேர்க்கோட்டைத் தாண்டியது. உடைந்த கையால் இழுக்க முடியவில்லை. கயிற்றை இடுப்பில் சுற்றி, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து நிறுத்தினாள். ஒரு சாண் தள்ளி. ஒருவர் செத்தாலும் இருவர் செத்தாலும் அதே ஒரு சாண்தான். ஆலைக்கு வேறு கணக்கு இல்லை.

வெளிச்சம் போவதற்குள் காட்டு விளிம்பில் ஆட்கள் தெரிந்தார்கள். எண்ணினாள். இருபத்திரண்டு.

ரோம்பவுட் முன்னால் வந்தான். தொப்பியைக் கழற்றியிருந்தான்.

"காலைல மகிழ்ச்சியைப் பாத்துட்டுச் சிரிச்சோம்க்கா. திருவருகைக் காலத்துல எவனுக்குடா கல்யாணம்னு. ஒருத்தன் பைத்தியம்னான். அப்புறம்தான் எல்லாருக்கும் சிரிப்பு நின்னுச்சு." புகையும் கூரையைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். "யாருக்குக்கா நிறுத்தியிருக்கீங்க? அண்ணனுக்கா?"

"ஆமா."

அவன் துணியைப் பார்த்தான். அதன் கீழே நான்கு கால்கள்.

"காலைல நின்னது உனக்குடா," என்றாள் கோடலீவ். "உங்கம்மாதான் நிறுத்தச் சொன்னா."