சடையன் கட்டைவிரல்

அந்தக் கட்டைவிரலை யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள், விரல் முழுக்கக் கறுப்பு மை, பிடித்த கை சென்னைப்பட்டினத்துக் கப்பல் டிப்போ குமாஸ்தாவுடையது, காகிதத்தில் வைத்து அழுத்துகிறான், அஞ்சே வருஷந்தான்யா, அப்பறம் உன் இஷ்டம் என்கிறான், சடையன் திரும்பித் தன் பெண்டாட்டி காத்தாயியைப் பார்த்துச் சிரிக்கிறான், இனி அடிமை கிடையாது என்று சர்க்கார் சொல்லி எத்தனையோ வருஷமாகியும் அந்தச் சேதி மட்டும் அவர்கள் ஆண்டையின் களத்துக்கு வந்து சேரவேயில்லை, கடல் தாண்டியாவது அதைப் பிடித்துவிடலாம் என்றுதான் இருவரும் கப்பலேறினார்கள், அவள் வாந்தியெடுக்க, அவன் அந்த மைவிரலாலேயே அவள் வாயைத் துடைத்தான், அந்தத் தொடுகை இன்னும் உதட்டில் இருக்கிறது, ஆனால் இது தென்னாப்பிரிக்காவின் நேட்டால், கரும்புத் தோட்டம், இடுப்பில் மகளோடு காத்தாயி நடந்துகொண்டிருக்கிறாள், தூரத்தில் தோட்டத்துக் கேட்டு தெரிகிறது.

ஐந்து வருஷம் முடிந்தது, அவனுக்கு மட்டும், அவள் பிள்ளை பெற்றுப் படுத்த நாளையும் காய்ச்சலில் கிடந்த நாளையும் வேலைக்கு வராத நாளென்று எழுதி, ஒன்பது மாதத்தை அவள் ஒப்பந்தத்தின் கடைசியில் ஒட்டிவிட்டான் துரை, புண்ணியவான், ஒப்பந்தம் முடிந்தவன் கூலிகளின் லயத்தில் ஒரு ராத்திரி தங்கக் கூடாது, தங்கவேண்டுமென்றால் இன்னும் ஐந்து வருஷத்துக்கு விரல் வைக்கவேண்டும், வச்சுடறேன் புள்ள, உன்ன உட்டுட்டு நான் எங்க போவேன் என்று அவன் கிளம்பிய அந்தக் காலை, அவன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள், மஞ்சள் துணியைக் கட்டைவிரலில் சுற்றுகிறாள், காயமே இல்லியே, இருக்குது மாமா, உனக்குத் தெரியல, ஒம்போது மாசம் சொமந்து பெத்தவளுக்கு ஒம்போது மாசம் தனியா இருக்கத் தெரியாதா, நீ போ, வெளிய நமக்குன்னு ஒரு குடிசை போடு, நான் வரும்போது அடுப்பு எரியணும், கரும்புக் கத்தி காலில் இறங்கியபோதும் அழாதவன் அன்று விம்மி விம்மி அழுதான், அவன் போகும்வரை கல்லாட்டம் நின்றவள், போனபின் துரையை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு அழுதாள்.

ஞாயிறு தவறாமல் வேலிக்கு அந்தப்பக்கம் வந்து நிற்பான், ஒரு கையில் கீரைக்கட்டு, மறு கையைத் தூக்கி முதலில் விரலைக் காட்டுவான், அழுக்கேறிக் கறுத்த அதே துணி, சீ, அவுத்துப் போடு மாமா, மாட்டேன் புள்ள, அவுத்தா உன் நெனப்புல போயி வெரல வச்சுடுவேன், அவளுக்குச் சிரிப்பு வரும், எத்தனை ஞாயிறு என்று அவள் எண்ணவில்லை, எண்ணினால் தாங்காது.

ஒன்பது மாதமும் தீர்ந்து இன்று தோட்டத்துக் கேட்டு திறந்தது, அவன் நிற்கிறான், கையை நீட்டுகிறான், அவள் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கிறாள், உள்ளே விரல் வெளுத்து, தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கி, வேறு யாருடைய விரலோ போல, வேலிக்கு அந்தப்பக்கமே பார்த்துப் பழகிய அப்பனை முறைத்துக்கொண்டிருந்த மகள், எட்டி அந்தக் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், விடவேயில்லை, அடுப்பு எரியுதா என்று காத்தாயி கேட்டாள், எரியுது புள்ள என்றான்.