லேபிள் கிழிக்காத லுங்கி

“கேட்டைத் திறங்க.” சொல்லிவிட்டாள், யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது, எதை வேண்டுமானாலும் கேள், டீசல் கேள், பஞ்சு கேள், லீவு கூடக் கேள், இதை மட்டும் எந்தத் தோல் பதனிடுகிற ஷாப்பு வாசலிலும் கேட்டுவிடாதே ரெனிட்டா என்று ஆம்புலன்ஸில் சேர்ந்த முதல் நாளே ஜார்ஜ் சார் படித்துப் படித்துச் சொன்ன அதே வார்த்தை, இன்றைக்கு ஆம்புலன்ஸ் நடத்துகிற அவருடைய டிரஸ்ட் ஆபீஸ் வாசலிலேயே வந்து விழுந்தது, அதுவும் ஆம்புலன்ஸிலிருந்து அல்ல, டடடடவென்று உதறிக்கொண்டு நிற்கும் ஷேர் ஆட்டோவிலிருந்து... வாட்ச்மேன் வேலு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடி அவளைப் பார்த்தார், ஆட்டோவைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். “ஆட்டோ உள்ள வராதும்மா. ஓரங்கட்டிட்டு நடந்து வா. ஆம்புலன்ஸ்ல இருந்தப்ப வேற.” வேறயா, என்ன வேற, அதே ரெனிட்டாதானே, அதே கைதானே, ஐந்து வருஷம் இந்த ஆம்பூரிலும் சுற்றுப்பட்டிலும் எத்தனை பேர் மூக்கில் ஆக்ஸிஜன் வைத்த கை, காக்கிச் சட்டை போட்டால் கை மாறிவிடுமா? நல்லவேளை, ஆட்டோவில் ஆட்கள் இல்லை, எல்லோரையும் ஷூ கம்பெனியில் இறக்கியாகிவிட்டது, இருந்திருந்தால் இதற்கும் ஒரு சிரிப்பு சிரித்திருப்பார்கள். ஓரங்கட்டினாள். சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஜார்ஜ் சார் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார், புது ஆம்புலன்ஸ் வந்திருக்கிறதாம், நீயே வந்து சேர்ந்துவிடு என்கிறாராம், அம்மா ஜெபகனி நேற்றிலிருந்து முழங்காலில் நிற்கிறாள், கர்த்தர் கதவைத் திறந்துட்டாருடீ, நீ வாயைத் திறக்காம போய்ட்டு வா என்று. கர்த்தர் திறப்பார், வேலு திறக்க மாட்டாராம்.

சின்னக் கதவு வழியாகக் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது, எந்த ஷாப்புக்குப் போனாலும் இந்தச் சின்னக் கதவு ஒன்று இருக்கிறது, பெரிய கேட் தோல் ஏற்றிய லாரிக்கும் முதலாளி காருக்கும், மனுஷனுக்கு இது, பிணத்துக்கும் இதுதான்... நடக்கும்போதே கண் வேலுவின் நகத்துக்குப் போனது, வெளிறியிருக்கிறது, ரத்தம் கம்மி, சொன்னால் கேட்கவா போகிறார், இந்தக் கண்ணை என்ன செய்வது, வேலையைப் பிடுங்கினார்களே, இந்தக் கண்ணைப் பிடுங்க மறந்துவிட்டார்கள். காலையில் ஆட்டோவில் ஏறுகிற பெண்கள் முகத்தைப் பார்க்கிறாளா, உதட்டைத்தான் பார்க்கிறாள், எது நீலம், எது வெள்ளை, எவள் இன்றைக்கும் சாப்பிடாமல் ஓடி வருகிறாள் என்று. ஆம்புலன்ஸ் யாருக்காகவும் காத்திருக்காது, இந்த ஆட்டோ நிரம்பினால்தான் கிளம்பும், எட்டுப் பேர் ஏறுகிற வண்டியில் பன்னிரண்டு பேரைத் திணித்து, பஸ் ஸ்டாண்டு வாசலில் துத்திப்பட்டு துத்திப்பட்டு என்று தொண்டை கிழியக் கத்தி, பி.எஸ்சி. விலங்கியல், அவள் தெருவில் முதல் டிகிரி, தோல் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் விரலெல்லாம் வெந்துபோன அப்பன் படிக்க வைத்த டிகிரி, அதை வைத்துக்கொண்டு துத்திப்பட்டு துத்திப்பட்டு. போன வாரம் கூட ஒருத்தன் ஏறும்போதே கேட்டான், பொம்பள ஓட்டுற வண்டியா, அப்ப இன்சூரன்ஸ் ஜாஸ்தி இருக்குமே என்று. நீ விழுந்தா மொதல்ல உன் நாக்கு உள்ள போச்சான்னுதான் பாப்பேன், அது இவ்ளோ நீளம் இருந்தா எனக்கும் பேஜார்தான் என்றாள். வண்டியே சிரித்தது. ஆட்டோவின் சொந்தக்காரர் கவுஸ் பாஷாவுக்கு வேறு குறை, ஏம்மா, நீ ஓவர்டேக் பண்றதப் பாத்தா சைரன் எங்கன்னு ஜனங்க கேக்குறாங்க என்கிறார். எங்கே... அதையும் ஜார்ஜ் சாரிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டு வருஷம் ஆகிறது. ரோட்டில் ஒருத்தர் விழுந்து கிடக்கிறார் என்று போன் வந்தது, ஆபித் பாஷா ஓட்டினார், அவள் பக்கத்தில், போய்ப் பார்த்தால் ரோட்டில் யாரும் இல்லை, ஒரு தோல் ஷாப்பின் மூடிய கேட்டும் எதிரே ஒரு புளியமரமும்தான். ஆபித் பாஷா இன்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்ற வைத்தார், அவருக்குப் பழக்கம், சில ஷாப்புகளின் வழக்கமே அப்படித்தான், கழிவுத் தொட்டியில் இறங்கினவன் விஷவாயு ஏறி விழுந்தால் முதலில் ஆம்புலன்ஸ் அல்ல, குழாயடி. சகதியைக் கழுவி, ஷாப்பு உடுப்பை உருவி, வேறு உடுத்தி, சின்னக் கதவு வழியாகத் தூக்கி வந்து ரோட்டோரம் கிடத்துவார்கள், அதற்கப்புறம்தான் அவன் விழுந்தான் என்று கணக்கு, ஷாப்புக்குள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆம்புலன்ஸ் உள்ளே நுழைந்தால்தானே உள்ளே நடந்தது என்றாகும். அவளும் அதைக் கேள்விப்பட்டிருந்தாள். கேள்விப்படுவது வேறு, கேட்பது வேறு, அன்றைக்கு அவள் கேட்டாள், கேட்டுக்குப் பின்னால் வாளி சிமென்ட் தரையில் இடிக்கிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம், மறுபடி வாளி... உள்ளே ஒருத்தன் மூச்சுக்குத் தவிக்கிறான், வெளியே ஆக்ஸிஜன் நிற்கிறது, நடுவில் ஒரு தகரக் கதவு. திறங்க என்றாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், “இருமா, ரெடி பண்ணினு இருக்காங்க.” ரெடி பண்ணுகிறார்களா, மாப்பிள்ளையா அவன், முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கிறதா? கேட்டைத் திறங்க, கேட்டைத் திறங்கடா, உள்ளங்கையால் அந்தத் தகரத்தை அடித்தாள், அடித்த அடியில் கை வீங்கி ஒரு வாரம் சோறு பிசைய முடியவில்லை. கடைசியில் தூக்கி வந்து புளியமரத்தடியில் வைத்தார்கள், இதோ, எடுத்துக்கம்மா என்று. தலைமயிர் சொட்டச் சொட்ட ஈரம், சட்டைப் பித்தான் ஒன்று தள்ளி மாட்டியிருந்தது, இடுப்பில் மடிப்புக் கலையாத புது லுங்கி, ஓரத்தில் கடை லேபிள் கூடக் கிழிக்காமல். பெயர் பச்சையப்பன் என்று சொன்னார்கள். நாடி இருந்தது. நூல் மாதிரி. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பள்ளிகொண்டா தாண்டும் வரைக்கும் இருந்தது, அப்புறம் அவள் விரல்தான் அவன் கழுத்தில் இருந்தது.

செத்தவனுக்கு ரோட்டில் மயங்கி விழுந்த சாவு என்று ஆயிற்று, அவளுக்கோ, டிரஸ்டுக்கு நன்கொடை கொடுக்கிற ஷாப்புப் பெரியவர்கள் வாசலில் மரியாதை இல்லாமல் கத்தினாள் என்று ஆயிற்று, வேலை போயிற்று. யாருக்கு மரியாதை இல்லை, அவளுக்கா? அவ்வளவுதான் என்று ஆட்டோ ஓட்டப் போனவளுக்கு, சவாரியில் வந்து உட்கார்ந்தது யார், வள்ளியம்மாள், பச்சையப்பன் பெண்டாட்டி, ஷூ கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை, தினமும் டிரைவர் சீட்டின் ஓரத்தில் பாதி உட்கார்ந்து பாதி தொங்கிக்கொண்டு வருவாள். அக்கா, பின்னால உக்காருங்க என்றால், இல்ல பாப்பா, காத்து வருது என்பாள். இத்தனை நாளில் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவர் கடைசியா ஏதாவது சொன்னாரா என்றுகூட. இன்று காலைதான், இறங்கி, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் ஆட்டோவின் முன் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னாள், “எங்க ஊட்டுல பொங்கலுக்குக் கூட அவருக்குப் புது லுங்கி எடுத்ததில்ல பாப்பா. சாவுறதுக்கு மட்டும் புதுசு கட்டினு ரோட்டுக்குப் போனாராம். ஷாப்பு மேல போட்ட கேசுல வக்கீல் அந்த லுங்கியத்தான் கோர்ட்டுல காட்டினாரு. லுங்கி பேசுமா, பாத்தவங்க யாருன்னா வந்து சொல்லணும்ன்றாங்க. வியாழக்கிழம வேலூர்ல வாய்தா. உன்ன வரச் சொல்லல. சும்மா சொன்னேன்.” சும்மா சொன்னாளாம். பின்னாலிருந்து, யக்கா, பஞ்ச் அடிக்கணும், வழிய வுடு என்று ஒருத்தி தள்ள, அவள் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டாள். ஆபித் பாஷா சொல்வாரா, மாட்டார், இன்னும் அங்கேதான் சம்பளம், அந்த வாளிச் சத்தத்தை வெளியே நின்று கேட்டு, வெளியே நின்று சொல்லக்கூடியது ஊரில் அவள் ஒருத்திதான், வியாழக்கிழமை வருகிற வாரத்தில் பார்த்து ஜார்ஜ் சாருக்கு அவள் ஞாபகம் வந்திருக்கிறது. தற்செயலாம்.

ஜார்ஜ் சார் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல், கெட்டவராக இருந்தால் எவ்வளவு சவுகரியம், தலை நரைத்திருக்கிறது, இன்னும் டீயைச் சாஸரில் ஊற்றித்தான் குடிக்கிறார், அப்பாவுக்குக் கால் எப்படியிருக்கு என்று கேட்டார், நிஜமாகவே கேட்டார். பிறகு ஷெட்டுக்குக் கூட்டிப் போய் வண்டியின் பின்கதவைத் திறந்தார். புது ரெக்ஸின் வாசனை. சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சர், ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றல்ல இரண்டு, ஐந்து வருஷம் வாய்விட்டுக் கேட்டும் வராத சளி உறிஞ்சுகிற மிஷின், கை தானாக அதைத் தொட்டுப் பார்த்தது, தொட்ட கையை அவளே திட்டினாள்... அப்புறம்தான் பார்த்தாள், வலது பக்கச் சுவரோடு பெல்ட் போட்டுக் கட்டிய நீல டிரம், அதில் குழாய், குழாயில் ரப்பர் ஹோஸ், தரையில் தண்ணீர் வடிய ஓட்டை. மேல் தட்டில் சோப்பு, துண்டு, சட்டைகள், லுங்கிகள். ஜார்ஜ் சாரின் குரலில் பெருமை இருந்தது. “லேட் ஆவுது, லேட் ஆவுதுன்னு கத்தினியே, நாங்க ஒண்ணும் கல்லு இல்லம்மா. கமிட்டில பேசி உனக்காகவே பண்ணினது. இனிமே கேட்டுல நிக்க வேணாம், அப்படியே தூக்கிக் குடுத்துடுவாங்க, கழுவுறது உடுத்துறது எல்லாம் ஓடுற வண்டியிலயே ஆயிடும். டாக்டரே சொல்றாரு, மேல கெமிக்கல் பட்டா தண்ணி ஊத்தணும்னு.” ஊத்தணும்தான், அவளும் அதைப் படித்தவள்தான், மூச்சு வந்தபிறகு ஊற்றணும். “லுங்கிக்கு டாக்டர் இன்னா சொன்னாரு சார்?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் ஏறி ஒரு லுங்கியை எடுத்தாள், ஓரத்தைப் பிரித்தாள். லேபிள் இல்லை. இன்னொன்றை எடுத்தாள், அதிலும் இல்லை, எல்லாவற்றிலும் ஒட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது, நகத்தால் சுரண்டி எடுத்த தடம், வள்ளியம்மாளின் வக்கீல் கோர்ட்டில் தூக்கிக் காட்டிய அந்தத் துண்டுக் காகிதத்திலிருந்து இவர்கள் படித்த பாடம் இது, யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழித்து, ஒரு தடவை தண்ணீரில் அலசி, பழசு மாதிரி மடித்து வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பொறுமை. இந்தப் பொறுமையில் பாதியை அந்தத் தொட்டிக்குக் காட்டியிருந்தால், ஒரு கயிறு, ஒரு முகமூடி, காற்று ஊதுகிற ஒரு மிஷின்... “வியாழக்கிழமையே டூட்டில சேந்துடு,” என்றார் ஜார்ஜ் சார், “காலைல எட்டு மணிக்கு.” குரலில் ஒரு மாற்றமும் இல்லை, சண்டே ஸ்கூலுக்கு வரச் சொல்கிற மாதிரி.

ஆக, கேட்டைத் திறக்கவே மாட்டார்கள், கேட்டுக்கு உள்ளே நடந்ததை எல்லாம் அவள் மடியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, நீயே கழுவு, நீயே உருவு, நீயே கட்டிவிடு என்கிறார்கள், அன்றைக்கு யாரோ முகம் தெரியாத இரண்டு பேர் செய்ததை இனி டிகிரி படித்த பெண் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு செய்வாள், அதற்கு அவள் போட்ட கூச்சலே காரணமாம். லுங்கியை மடித்தாள். இருந்த மாதிரியே தட்டில் வைத்தாள். கத்தவில்லை, கத்துவாள் என்று அவர் பயந்துகொண்டு நின்றது தெரிந்தது, கத்த வேண்டியதை எல்லாம் அந்தத் தகரத்தின் மேல் கத்தியாயிற்று. இறங்கி நடந்தாள். ரெனிட்டா, யோசிச்சுச் சொல்லும்மா, அவசரமில்ல என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது. யோசிக்க என்ன இருக்கிறது, வாசலில் கேட்டைத் திறங்க என்று வாய் தவறி விழுந்ததாக அவள் நினைத்துக்கொண்டாளே, அது வாய் தவறி விழவில்லை, வியாழக்கிழமைக்கு ஒத்திகை. வேலூரில் எந்த மேஜைக்கு முன்னால் நிற்க வைப்பார்களோ தெரியாது, வாளிச் சத்தத்தைச் சொல்வாள், ஈரத் தலையைச் சொல்வாள், லேபிளைச் சொல்வாள், ரெடி பண்ணினு இருக்காங்க என்ற அந்தக் குரலையும் அதே மாதிரி சொல்லிக் காட்டுவாள். கவுஸ் பாஷாவிடம் ஒரு நாள் லீவு கேட்க வேண்டும், வள்ளியம்மாளிடம் எந்த பஸ் என்று கேட்க வேண்டும், அம்மாவிடம்... அம்மாவிடம் ஒன்றும் கேட்க வேண்டாம்.

சின்னக் கதவருகில் வேலு ஆவலாக எழுந்து நின்றார். “இன்னாம்மா, சேந்துட்டியா?” “இல்லண்ணே. வியாழக்கிழம வேலூர்ல எனக்கு வேல இருக்கு.” குனிந்து வெளியே வந்தாள். ஆட்டோவுக்குப் பத்தடி கூட இல்லை, அதற்குள் அந்த நினைப்பு வந்து பிடித்துக்கொண்டது, இவ்வளவு நேரம் கோபத்தில் ஓரம்கட்டி வைத்திருந்தது, இந்தப் புது ஆம்புலன்ஸ் அன்றைக்கு இருந்திருந்தால் வாசலிலேயே ஆக்ஸிஜன் ஏறிப் பச்சையப்பன் பிழைத்திருப்பான். லேபிள் கிழித்த லுங்கியோடு, ரோட்டில்தான் விழுந்தேன் என்று அவன் வாயாலேயே சொல்லிக்கொண்டு, பிழைத்திருப்பான். சாவியை எடுத்தவள் திருகாமல் உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை எட்டு மணிக்கு அந்த ஆம்புலன்ஸ் சீட்டில் வேறு ஒருத்தி உட்காருவாள், புதுசு, சின்னப் பெண்ணாகத்தான் இருப்பாள், கேட்டைத் திற என்று மட்டும் கேட்காதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருப்பார்கள். முதலில் ஆக்ஸிஜன், அப்புறம்தான் தண்ணீர் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?