ஆறு பேர் படுத்துக்கொண்டார்கள்

ஒலிபெருக்கியில் அபாயச் சங்கு ஊதியதும் முப்பத்தேழு பேரில் முப்பத்தொரு பேர் மேற்கே ஓடினார்கள். மற்ற ஆறு பெண்களும் நின்ற இடத்திலேயே மணலில் குப்புற விழுந்து படுத்துக்கொண்டார்கள்.

மாதர் சங்கக் கொட்டில் வாசலில் நேரம் குறிக்கும் ஸ்டொப்வோச்சோடு நின்ற பிரஷாந்தி, யாரோ மயங்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஒருத்தி விழுந்தால் மயக்கம். ஆறு பேர் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, முகத்தை மண்ணில் வைத்துக் கைகளால் தலையைப் பொத்திக்கொண்டு விழுந்தால் அதற்கு என்ன பெயர் என்று அவளுடைய கையேட்டில் எழுதியிருக்கவில்லை. ஓடியவர்கள் பாடசாலை மேல்மாடிக்கு ஏறிப் பதினொரு நிமிடத்தில் கையசைத்தார்கள். அவள் அதைக் குறித்துக்கொள்ள மறந்துபோனாள்.

சண்டை முடிந்து ஒரு வருடம், கடல் சுனாமியாக வந்து ஐந்தரை வருடம் ஆகியிருந்த காலம் அது. குருக்கள்மடத்துக்குக் கிழக்கே, கடலோரமாக இருந்த அந்தக் குடியிருப்பில், மறுபடி கடல் வந்தால் எப்படித் தப்புவது என்று பெரியவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பது அவள் வேலை. இதற்காக மட்டக்களப்பு நகரத்தில் ஐந்து நாள் வகுப்புக்குப் போய், வளர்ந்தவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று படித்துவிட்டு வந்திருந்தாள். அந்த ஐந்து நாளும் அவளுக்குக் கனவு போல இருந்தது. பெரியவர்கள் வெறும் பாத்திரமாக வருவதில்லை, வாழ்ந்த வாழ்க்கையைக் கையில் கொண்டுதான் வருகிறார்கள், அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று வகுப்பெடுத்தவர் சொன்னபோது, தன் வாழ்நாளில் எந்த ஆசிரியரும் தன்னிடம் அப்படித் தொடங்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். ‘அனுபவமே முதல் பாடநூல்’ என்று பழுப்புத் தாளில் பெரிதாக எழுதிக் கொட்டில் சுவரில் ஒட்டினாள். முதல் இரண்டு நாளும் எல்லாரையும் வட்டமாக இருத்திக் கடல் வந்த கதையைச் சொல்லச் சொன்னாள். சொன்னார்கள், அழுதார்கள், சிரித்தும் கொண்டார்கள். வெல்லாவெளிப் பக்கமிருந்து இரண்டாயிரத்து ஏழில் சண்டைக்குத் தப்பி இடம்பெயர்ந்து வந்து, சொந்தக்காரரின் வளவுகளில் தங்கிவிட்ட ஆறு பெண்கள் மட்டும் வாய் திறக்கவில்லை. கடல் வந்ததைக் காணாதவர்கள்தானே என்று, அவர்கள் பெயருக்கு நேரே ‘அனுபவம் இல்லை’ என்று எழுதி வைத்திருந்தாள்.

விழுந்தது அந்த ஆறு பேரும்தான்.

“ஏனக்கா படுத்தீங்க?” என்று கேட்டாள்.

ஞானமணி எழுந்து சட்டையிலிருந்து மணலைத் தட்டினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். செய்யக்கூடாத எதையும் செய்துவிட்டதாக அவள் முகம் காட்டவில்லை.

“சத்தம் கேட்டாப் படுக்கிறதானே, மிஸ்.”

“இது கடலுக்கான சத்தம்தானே.”

“காதுக்கு அது விளங்குமா?”

மேல்மாடியிலிருந்து இறங்கி வந்த மீன் விற்கும் ஆச்சிப்பிள்ளை, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, “கடல் வரக்கொள்ள இப்பிடிக் கிடந்தா மீனுக்குத்தான் சாப்பாடுகா” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

“செல்குண்டு வரக்கொள்ள எழும்பி ஓடின ஆக்களை நாங்க பிறகு பொறுக்கித்தான் எடுத்த. உங்களுக்கு அது தெரியா” என்றாள் ஞானமணி. ஆச்சிப்பிள்ளை இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

திரும்பத் திரும்பச் செய்தால் உடம்பு பழகும் என்றும் வகுப்பில் ஒரு பாடம் இருந்தது. சங்கு ஊதும் ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த தன் உதவியாள் உதயரூபனிடம் மறுபடி ஊதச் சொன்னாள். மதியத்துக்குள் ஐந்து முறை ஊதினான். ஐந்தாம் முறை, அந்த ஆறு பேரும் முன்னையைவிடக் கெதியாக விழுந்தார்கள்.

“நல்லாப் பழகிட்டாங்க” என்றான் உதயரூபன்.

அவள் சிரிக்கவில்லை. பழைய நம்பிக்கை குழம்பினால்தான் புதியது உள்ளே வரும், குழப்பம் நல்ல அறிகுறி என்றும் வகுப்பில் சொன்னார்கள். குழம்பியிருப்பது யார் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இவர்களின் அனுபவத்தை அழித்துவிட்டுக் கடலின் அனுபவத்தை எழுத வேண்டுமா? நாளைக்கே மறுபடி செல் வந்தால்? வராது என்று சொல்ல அவள் யார்? ஆனால் கடல் வந்தால் இந்த ஆறு பேரும் அதன் முன்னால் தலையைப் பொத்திக்கொண்டு கிடப்பார்கள். அது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மரமுந்திரிகை நிழலில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த ஞானமணிக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

“அங்க இருக்கக்கொள்ள, படுத்தா எப்ப எழும்புவீங்க?”

“கூப்பிடக்கொள்ள.”

“ஆரு கூப்பிடுவாங்க?”

“செல் நிண்டா ஆராவது ஒராள் எழும்பிப் பேர் பேராக் கூப்பிடுவாங்க. பேரைக் கேட்டா ‘ஓம்’ எண்டு எழும்புவம். அதுவரைக்கும் எழும்புறல்ல.”

“கூப்பிட்டும் எழும்பாட்டி?”

ஞானமணி கோப்பைக்குள் பார்த்தாள். அடியில் கரையாத சீனி கொஞ்சம் கிடந்தது. அதை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

பிரஷாந்திக்கு மனம் பரபரத்தது. பாடம் இவர்களிடமே இருந்திருக்கிறது. பெயரைக் கேட்டால் எழும்பி ஓடுவார்கள்; குரல் கொடுக்கத்தான் ஆள் வேண்டும். ஊர் முழுக்கக் கேட்கும் குரல் ஆச்சிப்பிள்ளையுடையது. விறுவிறுவென்று அவளிடம் போய்ச் சொன்னாள். சங்கு ஊதியதும் ஆறு பெயரையும் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

“எனக்கு ஏலா” என்றாள் ஆச்சிப்பிள்ளை.

“ஒரு நிமிசம்தானே, மாமி.”

“கடல் வந்த அண்டைக்கு என்ர தங்கச்சி கிறுகி, திரும்பிப் பாத்து நிண்டு மகனைக் கூப்பிட்டவ. என்னையும் கூப்பிட்டவ. நான் கிறுகல்ல, புள்ள. ஆரையும் கூப்பிடவுமில்ல. ஓடினன். அதாலதான் இதில நிண்டு உங்களோட கதைக்கன்.” இரண்டு நாளும் வட்டத்தில் இருந்து கதை சொன்னவள், இதை மட்டும் சொல்லியிருக்கவில்லை. “இவளுகளக் கூப்பிட்டுட்டு நான் நிண்டா, என்னை ஆரு கூப்பிடுற?”

நான் கூப்பிடுவேன் என்று சொல்லப் பிரஷாந்தி வாயெடுத்தாள். ஆனால் வெள்ளிக்கிழமையோடு பயிற்சி முடிந்து, அவள் அடுத்த ஊருக்குப் போய்விடுவாள். சுவரில் இருந்த தாள் ஒரு முனை கழன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதை ஒட்டுவதா கிழிப்பதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கடைசியா ஒருக்கா ஊதவா?” என்று உதயரூபன் கேட்டான்.

அவள் தலையாட்டினாள்.

சங்கு ஊதியது. ஓடுகிறவர்கள் ஓடினார்கள். ஆறு பேரும் விழுந்தார்கள். எல்லாரையும்விட ஞானமணி கிட்டத்தில் கிடந்ததால், அவளுடைய இடது கை மட்டும் தலையில் இல்லை என்பதைப் பிரஷாந்தி இப்போதுதான் கண்டாள். அது விலாவுக்குப் பக்கத்தில் வளைந்து கிடந்தது. அந்த வளைவுக்குள் நாலைந்து வயதுப் பிள்ளை ஒன்று ஒடுங்கிப் படுக்கும் அளவுக்கு மணல் வெறுமையாக இருந்தது.

மேற்கே, சந்து திரும்பும் ஒழுங்கை முடக்கில், ஓடிக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து ஆச்சிப்பிள்ளை மட்டும் தனித்து நின்றுவிட்டாள். அவள் திரும்பவில்லை. முதுகைக் கடலுக்குக் காட்டியபடி, சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள்கள் ஒருமுறை உயர்ந்தன, குரலெடுக்கும் முன் மூச்சை இழுப்பது போல.

மணலில் ஞானமணியின் தலை மெல்லச் சாய்ந்து ஒரு காது மேலே வந்தது.

பிரஷாந்தியின் உள்ளங்கைக்குள் ஸ்டொப்வோச் ஓடிக்கொண்டிருந்தது.