மனமுவந்த பட்டியல்

வலது கட்டைவிரலில் ஊதா மை ஏறியபோது அழகாயிக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஓட்டில்லாதவளின் விரலுக்கும் ஒரு தேர்தல் வந்துவிட்டது. உக்குவளை கொக்கோ ஸ்டோரில் பதினேழு வருஷமாகக் கொட்டை பொறுக்கித் தரம் பிரிக்கிறவள் அவள். முதலாளியின் மைத்துனர் தேர்தலில் நின்றார். ஆட்கள் அனைவரும் ஒரு கிழமைச் சம்பளத்தை மனமுவந்து கொடுப்பதென்று முதலாளியின் மனம் தீர்மானித்திருந்தது. கைநாட்டுகளோடு பட்டியலை ஸ்டோர்க் கதவிலேயே ஒட்டினார்கள்.

"ஓட்டுள்ளவனுக்குச் சாராயம் குடுக்கிறாங்க, நம்மகிட்ட காசு வாங்குறாங்க. அப்ப நம்மதாண்டி பெரிய மனுசி," என்றாள் பக்கத்தில் பொறுக்கும் பாலாமணி.

அழகாயி கேலியைக் காதில் வாங்கவில்லை. மாதக் கடைசிக்குள் பிரஜாவுரிமை மனு போயாக வேண்டும். இத்தனை வருஷம் இங்கேதான் உழைத்தாள் என்று முதலாளி ஒரு கடிதம் கொடுத்தால் போதும். இல்லாவிட்டால் இலங்கையிலேயே பிறந்த அவள் கண்ணால் காணாத இந்தியாவுக்குக் கப்பல். யட்டவத்தயிலிருக்கும் மகளுக்குப் பிரஜாவுரிமை வந்தாயிற்று. தாய்க்கு வராவிட்டால் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி.

"கூட்டம் முடியட்டும், கடுதாசி கைக்கு வரும்," என்று கிளாக்கர் சிவஞானம் சொல்லியிருந்தார்.

கூட்டம் சந்தியில் நடந்தது. முதலாளி மாலை போட்டுக்கொண்டு, இல்லை, போடவைத்துக்கொண்டு, கொடுத்தவர் பெயர்களைத் தாமே ஒலிபெருக்கியில் வாசித்தார். "நமது வாக்காளப் பெருமக்கள்! அழகாயி அம்மையார்!" கைதட்டல் விழுந்தது. பிறந்ததிலிருந்து அவளை யாரும் அம்மையார் என்றதில்லை. முந்தானையை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

மறுநாள் விடியும்போதே எதிர்க்கட்சியின் நோட்டீஸ் அடுத்த ஊரான நாலந்தா வரை பறந்தது. வாக்காளப் பெருமக்களுக்கு வாக்கே இல்லை, நாதியற்றவர்களிடம் சுரண்டிய காசு என்று, பெயர் பெயராக அச்சடித்திருந்தார்கள். கடைசிப் பெயர் அழகாயி.

கடிதம் கேட்டுப் போனபோது சிவஞானம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு சிக்கல் அழகாயி. நீ இங்க வேலை செய்யல."

"யாரு, நானாங்க?"

"வேலை செஞ்சிருந்தா காசு குடுத்திருப்ப. குடுத்திருந்தா நோட்டீஸ் உண்மையாப் போயிரும். அது பொய்யின்னு முதலாளி அறிக்கை விட்டுட்டாரு."

"அப்ப என் காசு?"

"அது அவரு சம்சாரம் பேருக்கு மாறிருச்சு. மனமுவந்து குடுத்ததா ரசீதும் போட்டாச்சு."

"காசு போகட்டும் ஐயா. குடுக்கவே இல்லைன்னு எந்தக் கோயில்லயும் சத்தியம் பண்றேன். வேலை செஞ்சேன்னு மட்டும் எழுதுங்க. இன்னும் நாலு நாளுதான் இருக்கு."

"ஆள் பேரு பதியுற செக்றோல்ல உங்க பக்கத்தையெல்லாம் கிழிச்சாச்சு. நாந்தான் கிழிச்சேன்." குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் மூணு பொண்ணு இருக்கு, அழகாயி."

வெளியே வந்தாள். கதவில் புதுப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். முதலாளியின் சம்சாரம், தங்கை, மாமியார், முத்து முத்தான கையெழுத்தில். அவசரத்தில் பழையதைக் கிழிக்காமல் அதன் மேலேயே கஞ்சிப் பசையை அப்பியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. ஈரத்தில் ஊறிய அடித்தாளிலிருந்து ஊதா ரேகைகள் ஒவ்வொன்றாக மேலே கசிந்துகொண்டிருந்தன. மாமியாரின் பெயர் மேல் பரவிய கடைசி ரேகையருகே அழகாயி தன் கட்டைவிரலைக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தாள்.